அவளைக் கேட்காமல் சொன்ன பதில்

மருந்துக் கிடங்கில் அவளுக்குக் ‘கோடவுன் அக்கா’ என்று பெயர். லாரி ஓட்டுகிறவர்கள், பெட்டி இறக்குகிறவர்கள், அவளைவிட மூத்தவரான வாசல் காவலாளி என எல்லோருக்கும் அவள் அக்காதான். குளிரில் இருக்க வேண்டிய மருந்து வெயிலில் நின்றால் அவள் குரல் கிடங்கின் மறுகோடி வரை போகும். முதலாளியின் மைத்துனர் ஒரு நாள் வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனார். அவள் போட்ட ஒரு சத்தத்தில் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வந்தார். அப்படிப்பட்டவள் வீட்டுக்கு வரும்போது மட்டும் குரலைச் செருப்போடு வாசலிலேயே கழற்றி வைத்துவிடுவாள் என்று அவள் கணவன் கிண்டல் செய்வான். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று அவளுக்கு உறைக்கப் பல வருடம் ஆயிற்று.

கணவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். நல்ல மனிதன் என்றுதான் தெருவில் பெயர். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பான். அவள் மாலை வகுப்புக்குப் போய் மேலாண்மைப் படிப்பு முடித்தபோது கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இனிப்பு கொடுத்தான். படிப்பை முடித்த பிறகு அவள் நிர்வாக ஆலோசனை நிறுவனம் ஒன்றுக்கு விண்ணப்பித்தாள். பெரிய நிறுவனங்களுக்குள் போய், எங்கே சிக்கிக்கொண்டிருக்கிறது, எதை மாற்றினால் சரியாகும் என்று பார்த்துச் சொல்லும் வேலை. ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற வேலை என்று கணவன் அதற்கு வேறு பெயர் வைத்தான்.

நேர்முகத்தில் மூன்று சுற்றுத் தாண்டி வேலை கிடைத்தது. முதல் பொறுப்பு எது என்பதையும் அப்போதே சொல்லிவிட்டார்கள். வேறு நகரத்தில் இருக்கும் ஒரு மருத்துவமனைக் குழுமம். அங்கே ஒரு பக்கம் மருந்து காலாவதியாகிக் குப்பைக்குப் போகிறது, இன்னொரு பக்கம் அதே மருந்து இல்லாமல் நோயாளிகள் காத்திருக்கிறார்கள். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி அது அவளுக்குப் பொருந்தியது. திங்கட்கிழமை காலையில் கிளம்பினால் வியாழக்கிழமை மாலைதான் வீடு திரும்ப முடியும். இதைக் கணவனிடம் அவள் அன்றே விளக்கமாகச் சொன்னாள். அவன் கண்ணாடி ஒன்றைத் துடைத்தபடி, “பாத்துக்கலாம்” என்றான்.

நம்மால் சமாளிக்க முடியும் என்கிறான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அதைப் பற்றிப் பிறகு பேசலாம் என்ற பொருளில் அவன் சொல்லியிருந்தான். ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் இரண்டு திசையில் நடந்தார்கள்.

கிடங்கில் கடைசி நாள் முடிந்து, புதிய வேலையில் சேர ஒரு மாதம் இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அவளுக்குச் சொந்தமாகக் கிடைத்த முதல் மாதம் அது. அதை எப்படிச் செலவழிப்பது என்று ஆசை ஆசையாக யோசித்து வைத்திருந்தாள். கணினியில் பெரிய பெரிய அட்டவணைகளைக் கட்டி மேய்க்கப் பழக வேண்டும். நிறுவனத்தில் அவளுக்கு வழிகாட்டியாகப் போட்டிருந்த இளைஞர் அனுப்பும் பயிற்சிக் கேள்விகளைத் தீர்க்க வேண்டும். ஒரு நகரத்தில் வருடத்துக்கு எத்தனை குடை விற்கும் என்பது போன்ற கேள்விகள். குடையைக் கண்ணால்கூடப் பார்க்காமல் கணக்குப் போட வேண்டும். பேசும் விதத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. கதையை முதலிலிருந்து ஆரம்பித்து முடிவுக்கு வருவது அவள் பழக்கம். அங்கே முதல் வாக்கியத்திலேயே முடிவைச் சொல்லிவிட்டுக் காரணத்தைப் பிறகு அடுக்க வேண்டுமாம். இடையில் இரண்டு மூன்று நாள் மத்தியானத்தில் தூங்கவும் வேண்டும் என்று நினைத்திருந்தாள்.

ஆனால் அவள் வீட்டில் இருக்கப் போகிறாள் என்ற செய்தி வீட்டுக்குள் பரவியதும், அந்த மாதத்தை ஆளுக்கு ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டார்கள். தள்ளிப்போட்டிருந்த மாமியாரின் கண்புரை அறுவை சிகிச்சையை இப்போதே வைத்துக்கொள்ளலாம் என்றான் கணவன். நாத்தனார் தன் வீட்டுத் திரைச்சீலைத் துணிகளையெல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்து தையல் மெஷின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். கடையில் வேலைக்கு இருந்த பெண் விடுப்பில் போனதும், காலையில் கொஞ்ச நேரம் கடையில் உட்காரச் சொன்னார்கள். எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே வார்த்தையைச் சொன்னார்கள், “சும்மாத்தானே இருக்கே.”

அந்தச் ‘சும்மா’வைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டாள். துணி மடிக்கும் மேசையில் கணினியைத் திறந்து வைத்து, ஒரு பக்கம் குக்கர் சத்தத்தை எண்ணியபடி, இன்னொரு பக்கம் அட்டவணையைக் கட்டினாள். மாமியாருக்குக் கண்ணில் மருந்து விட்டுவிட்டு, அதே கையோடு வந்து குடைக் கணக்குப் போட்டாள்.

ஒரு நாள் காலையில் கண் சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது. கைபேசியைச் சார்ஜில் போட்டுவிட்டு மருந்துக்கடைக்குப் போய்த் திரும்பினாள். யாராவது கூப்பிட்டார்களா என்று அவள் கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை.

அடுத்த வாரம் வழிகாட்டி அழைத்தார். குரலில் ஒரே உற்சாகம்.

“மேடம், நல்ல செய்தி. நீங்க கேட்ட மாதிரியே முடிஞ்சுடுச்சு. உங்களை ஆபீஸ்லயே இருக்கிற ஆய்வுப் பிரிவுக்கு மாத்திட்டாங்க. பயணமே கிடையாது. சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்.”

“நான் எப்ப கேட்டேன்?”

அவர் தடுமாறினார். அன்று அழைத்தபோது அவள் கணவர்தான் எடுத்தாராம். பயணமெல்லாம் சரிப்படுமா என்று பேச்சுவாக்கில் இவர் கேட்டிருக்கிறார். சின்னக் குழந்தை இருக்கிறது, அம்மாவுக்கு வேறு கண் ஆபரேஷன், முதல் ஒரு வருடம் உள்ளூரிலேயே இருந்தால் அவளுக்கும் நல்லது, ஆனால் அதை அவளாக வாய்விட்டுக் கேட்க மாட்டாள் என்று கணவர் சொன்னாராம். அவ்வளவு அக்கறையாகப் பேசினாராம். இவரும் உருகிப்போய் மேலிடத்தில் சொல்லியிருக்கிறார். மருத்துவமனை வேலைக்கு வேறு ஒருவரைப் போட்டாகிவிட்டது.

கைபேசியை வைத்துவிட்டு அவள் நேரே மாமியாரிடம் போனாள். அறைக்குள் மாமியார் கறுப்புக் கண்ணாடியோடு படுத்திருந்தார்.

“அத்தை, போன வாரம் என் போன்ல அவர் பேசினது உங்களுக்குத் தெரியுமா?”

“கேட்டுட்டுத்தான் படுத்திருந்தேன். கண்ணுலதானே ஆபரேஷன், காதுல இல்லையே” என்றார் மாமியார். “நல்லதுதானே சொன்னான்? நீ பாட்டுக்குப் பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டா இந்த வீட்டை யாரு பாக்கிறது?”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நீ ஒத்துக்கவா போறே?” என்று மாமியார் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இரவு சாப்பிட வந்த கணவன் தட்டில் கை வைப்பதற்குள் அவள் எதிரில் வந்து நின்றாள். இத்தனை நாளாகப் பழகிய பாடம் நாக்கில் தயாராக இருந்தது. முடிவு முதலில் வந்தது.

“நான் அந்தப் பயண வேலைக்குத்தான் போகப் போறேன். நீங்க என் பேர்ல பேசினது தப்பு. இப்ப காரணம் சொல்றேன், கேளுங்க.”

அவனுக்குச் சோறு இறங்கவில்லை. உன் நல்லதுக்காகத்தான் சொன்னேன் என்றான். வேலையை விடச் சொன்னேனா, பக்கத்தில் இருந்து பார் என்றுதானே சொன்னேன் என்றான். கிடங்கு வேலைக்கு என்றைக்காவது குறுக்கே நின்றிருக்கிறேனா என்றும் கேட்டான். அவள் குரல் ஏறியது. அந்த வீட்டுச் சுவர்கள் அதுவரை கேட்டிராத கிடங்குக் குரல் அது.

“நின்னது இல்ல. ஏன்னா நான் எல்லாத்தையும் முடிச்சு வெச்சுட்டுத்தான் போனேன். விடியக்காலையில எந்திரிச்சு, சமைச்சு, துவைச்சு, உங்க அம்மாவுக்கு மாத்திரை எடுத்து வெச்சு, அப்புறம்தான் போனேன். உங்களுக்கு எதுவும் குறையல. அதனால நீங்க நல்லவர். இப்பதான் முதல் தடவையா உங்களுக்குக் குறையப் போகுது. உடனே என் வாயை நீங்க எடுத்து வெச்சுக்கிட்டீங்க.”

“கத்தாதே. குழந்தை கேக்குது.”

“கேக்கட்டும்.”

மறுநாள் புதுக் காலணியை மாட்டிக்கொண்டு பேருந்து ஏறி நிறுவனத்துக்கே போனாள். காலணி குதிகாலைக் கடித்தது. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. அவளை நேர்முகம் செய்த நிறுவனப் பங்குதாரர், நரைத்த தலையும் சட்டைப்பையில் இரண்டு பேனாவுமாக இருப்பவர், கண்ணாடி அறை ஒன்றில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு முகத்தில் இரக்கத்தை வரவழைத்துக்கொண்டு, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார்.

பேருந்தில் வரும்போது மரியாதையான நாலு வார்த்தைகளைக் கோத்து வைத்திருந்தாள். அந்த இரக்கத்தைப் பார்த்ததும் அத்தனையும் பறந்துவிட்டது.

“வீட்டுப் பிரச்சினையை நான் பாத்துக்கறேன் சார். இங்க இருக்கிற பிரச்சினையைச் சொல்லத்தான் வந்தேன். என் வேலையைப் பத்தி என்னைத் தவிர எல்லார்கிட்டயும் கேட்டு முடிவு பண்ணியிருக்கீங்க. உங்க டீம்ல இருக்கிற ஒரு ஆம்பளையோட சம்சாரம் போனை எடுத்து, அவரை வெளியூர் அனுப்பாதீங்கன்னு சொன்னா, அவரை மாத்திடுவீங்களா?”

பங்குதாரர் பேனாவை எடுத்தார், வைத்தார். பிறகு, “மாத்த மாட்டோம்” என்றார்.

மன்னிப்பும் கேட்டார். ஆனால் மருத்துவமனை வேலையைத் திருப்பித் தர முடியாது, அங்கே ஆள் போய் இறங்கிவிட்டார் என்றார். துறைமுகத்தில் மீன் பதப்படுத்தும் குளிர்பதனக் கிடங்குகள் பற்றிய வேலை ஒன்று இருக்கிறதாம். தொலைவு அதிகம், இடமும் நாறும், சனிக்கிழமைகூடச் சில வாரம் அங்கேயே இருக்க வேண்டியிருக்கும், யாரும் விரும்பிப் போவதில்லை என்று ஒளிக்காமல் சொன்னார். அவள் அந்த நிமிடமே சரி என்றாள். வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது அழுகை முட்டியது. ஜெயித்துவிட்டு வந்த சந்தோஷம் துளிகூட இல்லை. தனக்கென்றே இருந்த ஒரு வேலை இரண்டு ஆண்கள் போனில் பேசிக்கொண்ட பேச்சில் போய்விட்டதே என்று வயிறு எரிந்தது. அந்த எரிச்சல் அப்புறமும் முழுசாக ஆறவில்லை.

மிச்சமிருந்த நாட்களில் அவள் வீட்டில் முகம் கொடுத்துப் பேசவில்லை. திரைச்சீலை மூட்டையை அப்படியே ஆட்டோவில் ஏற்றி நாத்தனார் வீட்டுக்கு அனுப்பினாள். நாத்தனார் போனில் அண்ணனிடம் ஒரு பாட்டம் அழுதாள். அதன் பிறகு கணவன் கடையிலும் அவள் உட்காரவில்லை. மாமியாருக்கு மருந்து விடுவதை மட்டும் நிறுத்தவில்லை. கண் விஷயத்தில் கோபத்தைக் காட்டக் கூடாது என்று இருந்தாள். துணி மடிக்கும் மேசையைத் தன் அறைக்குள் இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, குளிர்பதனக் கிடங்கு பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தாள்.

பெட்டி கட்டும்போது கணவன் வாசற்படியில் வந்து நின்றான். மகளின் பள்ளிச் சீருடை எங்கே இருக்கிறது, மதியச் சாப்பாட்டுக்கு என்ன கட்ட வேண்டும், தண்ணீர் லாரிக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்றெல்லாம் எழுதி வைத்துவிட்டுப் போகச் சொன்னான்.

“நான் இந்த வீட்டுக்கு வந்தப்போ எனக்கு யாரும் எழுதித் தரல” என்றாள் அவள்.

மகளுக்கு எட்டு வயது. பெட்டி மேல் ஏறி உட்கார்ந்து ஜிப்பை மூட உதவிசெய்தபடி கேட்டாள், “அம்மா, நீ கோபமாத்தான் போறியா?”

“ஆமா. கோபமாத்தான் போறேன். உன் மேல இல்ல.”

“அப்பா மேலயா?”

“அப்பா மேலதான். திரும்பி வந்துடுவேன். கோபமும் இருக்கும், நானும் இருப்பேன்.”

குழந்தைக்கு அது போதுமானதாக இருந்தது.

முதல் வாரம் வீடு தலைகீழானது. மகள் ஒரு நாள் விளையாட்டு உடையில் பள்ளிக்குப் போனாள். தண்ணீர் லாரி வரவே இல்லை. கணவன் தினமும் மூன்று முறை போன் செய்தான். வேலை நேரத்தில் அவள் எடுக்கவில்லை. மாலையில் மகளோடு மட்டும் பேசினாள். துறைமுகத்தில் மீன் நாற்றம் தலைமுடியில் ஏறிக்கொண்டு குளித்தாலும் போகவில்லை. ஆனால் குளிர் அறைக் கதவு எவ்வளவு நேரம் திறந்து கிடக்கிறது என்று முதல் நாளே சத்தம் போட்டாள். குழுவில் மற்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அங்கே குரலைக் கழற்றி வைக்க வேண்டியிருக்கவில்லை.

சில மாதத்தில் வீடு ஒரு மாதிரி ஓடப் பழகிக்கொண்டது. கணவன் மூன்று வகைச் சமையல் கற்றுக்கொண்டு அதையே சுழற்சியில் வைத்தான். மாமியார் அவள் வரும் நாட்களில் சாப்பாட்டைப் பற்றி மகன் மேல் புகார் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள், மாற்றிச் சமைக்க எழுந்து போகவில்லை.

ஒரு வியாழக்கிழமை மாலை அவள் ரயிலிலிருந்து இறங்கி, மாமியாரும் மகளும் கோயிலுக்குப் போயிருக்க, வீட்டுச் சாவியும் மறந்துபோனதால் பெட்டியோடு நேரே கடைக்கு வந்தாள். உள்ளே ஒரு பெரியவருக்குக் கண்ணாடிச் சட்டம் பொருத்திக்கொண்டே கணவன் பேசிக்கொண்டிருந்தான். மனைவி பெரிய ஆலோசனை நிறுவனத்தில் இருக்கிறாள், ஊர் ஊராகப் போகிறாள் என்றான். பெரியவர் ஆச்சரியப்பட்டார். “எல்லாம் நான் குடுத்த தைரியம்தான். போயிட்டு வா, வீட்டை நான் பாத்துக்கறேன்னு நான்தான் அனுப்பி வெச்சேன்” என்றான் அவன்.

அவள் வாசலில் நின்றாள். கேட்காத மாதிரி சிரித்துவிட்டுப் போகலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆறு மாதத்துக்கு முன்னால் என்றால் அப்படித்தான் செய்திருப்பாள்.

“இல்லீங்க” என்றாள், பெட்டியை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு. “இவர் என்னைப் போக வேணாம்னு சொன்னார். என்கிட்டகூடச் சொல்லல, என் ஆபீஸ்ல சொன்னார். நான்தான் போனேன்.”

ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி போட்ட சட்டத்தோடு பெரியவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கணவன் கையிலிருந்த துணியை மடித்தான். காது மடல்வரை சிவந்து போயிருந்தது. ஏதாவது சொல்லிச் சமாளிப்பான் என்று அவள் எதிர்பார்த்தாள்.

“ஆமா சார்” என்றான் கடைசியில். “அவ சொல்றதுதான் நிஜம்.”

அவள் சாவியை வாங்கிக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தாள்.