ஜீனுக்கு முன்னால் இருந்தது

திருப்பதியில் ஒரு காலேஜில் எம்.எஸ்சி. பிள்ளைகளுக்கு ஜெனெடிக்ஸ் நடத்திக்கொண்டிருந்தேன். வருஷா வருஷம் போர்டில் ரெண்டு எலி வரைவேன். ஒன்று மஞ்சள், குண்டு. இன்னொன்று பழுப்பு, ஒல்லி. ரெண்டுக்கும் நிறத்துக்கான ஜீன் ஒன்றேதான். ஆனால் அதற்கு முன்னால், எப்போதோ வேறெங்கிருந்தோ தாவி வந்து உட்கார்ந்த ஒரு டிஎன்ஏ துண்டு இருக்கும். ஜீன் எப்போது வேலை செய்யும், எப்போது சும்மா கிடக்கும் என்பதை அதுவே மாற்றிவிடும். "குப்பைன்னு ஒதுக்காதீங்கப்பா" என்று பெரிய மேதை மாதிரி சொல்வேன்.

என் அக்காவை எங்கள் தாய்மாமனுக்கே கொடுத்திருந்தார்கள். எங்கள் பிச்சாட்டூர் பக்கம் அது அதிசயமில்லை. மாமா குவைத்தில் டிரைவர். முதல் பெண்ணுக்கு ரெண்டு வயசாகியும் கழுத்து நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு ஜீனின் பேரைச் சொல்லி ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். கோளாறு எதுவும் தெரியவில்லை என்று ரிப்போர்ட் வந்தது. டாக்டர், "இன்னும் பாக்கணும், அடுத்த பிள்ளைக்குப் பொறுங்க" என்றார். மாமா ஒரு மாச லீவில் வந்திருந்தார், பொறுக்க ஏது நாள்? அக்கா என்னைத்தான் கேட்டாள்.

"இன்னாடா, மாமனைக் கட்டிக்கினதாலதான் இப்படியா?"

"சீ, அதெல்லாம் இல்லக்கா. ஜீன் சுத்தமா இருக்கு. தைரியமா பெத்துக்கோ."

என்ன திமிர் எனக்கு! ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்தது ஜீனை மட்டும். அதற்கு முன்னால் என்ன கிடக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. வருஷா வருஷம் எலி வரைந்த இந்த மடையனுக்கும் அது தோன்றவில்லை.

ரெண்டாவதும் பெண். ஆறு மாசமாகியும் அதற்கும் தலை தொங்கியது. சில வருஷம் கழித்து பெங்களூரு லேப் ஒன்றில் கண்டுபிடித்தார்கள். ரெண்டு பிள்ளைகளுக்கும் அந்த ஜீனுக்கு முன்னால் தாவி வந்த துண்டு ஒன்று இருந்தது. ஒரே குடும்பத்து ரத்தம் என்பதால் மாமாவிடமிருந்தும் வந்திருந்தது, அக்காவிடமிருந்தும் வந்திருந்தது. ஜீன் முழுசாகத்தான் இருந்தது, வேலை செய்யவில்லை. மருந்து கிடையாது. அக்கா அன்றைக்குக் கேட்ட கேள்விக்கு ஆமாம் என்பதுதான் பதில்.

பஸ் ஏறிப் போய் அக்காவிடம் சொன்னேன். சின்னவளை மடியில் சாய்த்து, பால்சோற்றைக் கரைத்து ஊட்டிக்கொண்டே கேட்டாள்.

"அன்னிக்கு நல்லா பாத்துதானேடா சொன்னே?"

"ஆமாக்கா."

"வேற யாரு சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்டா" என்று சொல்லி, பிள்ளையின் வாயைத் துடைத்தாள்.