அரை மணி நேரச் சவாரி

ஏரிக்குச் சுற்றுலா ஆட்கள் வருவது நின்றுபோனதும், படகோட்டியாக இருந்த அவள் கணவன் லாரி ஓட்ட வெளியூர் போய்விட்டான். இரண்டு வருடம் கழித்து, நொடித்துப்போன சுற்றுலாவைத் தூக்கி நிறுத்த, அரசு புதுப் படகுகள் தருவதாக அறிவித்தது. அவள் உடனே போன் செய்தாள்.

"வந்துடுங்க. நமக்கும் ஒரு படகு உண்டாம்."

"படகு வரும். ஏற ஆள் வரணுமே! கொஞ்ச நாள் போகட்டும்."

விண்ணப்பத்தில் தன் பெயரையே எழுதிக் கொடுத்தாள். அரசுப் பயிற்சியில் துடுப்புப் போட்டுப் போட்டு உள்ளங்கை காய்த்துப்போனது. மெல்லப் பேருந்துகள் வரத் தொடங்கின. இறங்குகிறவர்களைக் கடைசி ஆள்வரை பார்த்துவிட்டுத்தான் அவள் படகுக்குத் திரும்புவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனே இறங்கினான். ஒருநாள் லீவு. சீட்டு வாங்கி, லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு, சவாரிக்காரனாக அவள் எதிரே உட்கார்ந்தான்.

"என்னைவிட நல்லா ஓட்டுறியே!"

"பேச்சை மாத்தாதீங்க. எப்ப வருவீங்க?"

"முதலாளிக்கு வாக்கு குடுத்துட்டேன். இன்னும் ஒரு வருஷம். அப்புறம் இங்கதான்."

அரை மணி நேரம் முடிந்ததென்று கரையிலிருந்து விசில் அடித்தார்கள். காதில் விழாதவள்போல, படகை அக்கரைப் பக்கம் திருப்பினாள்.