ஆணி அடிக்க மாட்டோம்

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையின் மூன்றாவது மாடியில், பட்டுச் சேலைப் பிரிவில், தொண்டையை வைத்துத்தான் பிழைத்தேன். படியேறி வருகிறவர்களை "வாங்கம்மா, கல்யாணப் பட்டா, சும்மா கட்டிக்கவா?" என்று கூப்பிட்டு உட்கார வைப்பது என் வேலை. தீபாவளிக் கூச்சலிலும் என் குரல் மட்டும் தனியாகக் கேட்கும் என்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. ஆபரேஷன் செய்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் உள்ள ஒரு துளை வழியாக மூச்சு விடுகிறேன். உயிர் மிஞ்சியது, பேச்சு போய்விட்டது. "இப்பத்தான் வீடு அமைதியா இருக்கு" என்று என் கணவர் கிண்டல் செய்துவிட்டு, சமையலறைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆனாலும் நான் அடங்கவில்லை. எல்லோரும் வைத்திருக்கும் அந்தப் பெரிய ஆப்பில் எங்கள் மூன்றாவது மாடிப் பெண்களுக்கு ஒரு குழு இருந்தது. அசோக் நகர் வீட்டில் உட்கார்ந்தபடி நாள் முழுக்க அதில் தட்டிக்கொண்டே இருப்பேன். எந்த வாடிக்கையாளர் அலமாரியையே கலைத்துப் போட்டுவிட்டு ஒரு கர்சீப்கூட வாங்காமல் போனாள், சூப்பர்வைசர் இன்று யார் மேல் எரிந்து விழுந்தார், யார் டப்பாவில் என்ன குழம்பு, எல்லாம் எனக்கு வந்துவிடும். நானும் அங்கேயே நிற்பது போலத்தான் இருந்தது.

ஒருநாள், கழுத்துத் துளையின் மேல் மெல்லிய பருத்தித் துணியை எப்படிக் கட்டிக்கொள்வது என்று படம் எடுத்தேன். என்னைப் போன்றவர்களுக்குப் பயன்படட்டுமே என்று எல்லோரும் பார்க்கிற மாதிரி போட்டேன். மறுநாள் ஆப் திறக்கவில்லை. பார்ப்பவர் மனதைப் பாதிக்கும் படம் போட்டதால் கணக்கு முடக்கப்பட்டது என்று ஒரு வரி மட்டும் நின்றது. என் கழுத்து யார் மனதைப் பாதித்ததோ! மறுபரிசீலனை கேட்டு எழுதினேன். விரலை எடுப்பதற்குள் முடியாது என்று பதில் வந்துவிட்டது. மனிதர் யாரும் அதைப் படித்திருக்க வாய்ப்பில்லை.

போன் செய்து சொல்லலாம் என்றால் குரல் இல்லை. எஸ்.எம்.எஸ். அனுப்பினால், எவனோ லோன் கொடுக்கக் கூப்பிடுகிறான் என்று யாரும் திறப்பதில்லை. ஆபரேஷன் அன்றைக்கு அல்ல, அந்த வாரம்தான் நான் ஊமையானேன்.

மருத்துவமனையில் மாதாந்திரப் பரிசோதனைக்குப் போகும்போது பழக்கமானவர் ஒருவர் இருந்தார். அடையாறுக்காரர், கம்ப்யூட்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், எனக்கு முன்பே குரலை இழந்தவர். நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து போனில் எழுதிக் காட்டித்தான் பேசிக்கொள்வோம். நடந்ததை எழுதிக் காட்டியதும், தான் நடத்தும் ஒரு சின்ன சர்வரைப் பற்றிச் சொன்னார். ஒரே முதலாளி என்று யாரும் இல்லாத சமூக வலைத்தளமாம். ஆளுக்கொரு சர்வர் நடத்துவார்கள். ஒன்றில் இருப்பவர் இன்னொன்றில் இருப்பவரோடும் பேசலாம். "ஒரு தெருவில் பல வீடுகள் மாதிரி. என் வீட்டில் உங்களுக்கு எப்போதும் இடம் உண்டு" என்று எழுதினார்.

சேர்ந்தேன். வீடு சுத்தமாக, காற்றோட்டமாக இருந்தது. ஆள்தான் இல்லை. இருந்த சிலரும் மென்பொருள், தனியுரிமை, பூனை என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நல்லவர்கள்தான், நான் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். ஆனால் ரங்கநாதன் தெருவில் இடிபட்டுப் பழகிய உடம்பு இது. கூட்டமில்லாத கடையில் நம் ஜனம் ஏறாது என்று எனக்குத் தெரியாதா? அதே சேலை பக்கத்துக் கடையில் சும்மா கிடந்தாலும், நெரிசலில் நின்று எடுத்தால்தான் அவர்களுக்குத் திருப்தி.

அதனால் எங்கள் மாடிப் பெண்களைக் கூப்பிட நேரிலேயே போனேன். சாப்பாட்டு வேளையில், கடையின் பின்படிக்கட்டில் எல்லோரும் டப்பாவைத் திறந்திருந்தார்கள். எனக்கு மிக வேண்டியவர்கள் இரண்டு பேர். ஒருவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து எனக்கு முன்பே கடையில் சேர்ந்த அக்கா. இன்னொருத்தி என்னைவிட இளையவள். ஆற்றங்கரையில் இருந்த அவள் வீட்டை இடித்து, ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். பஸ் மாறி மாறி வேலைக்கு வருகிறாள்.

"இதுல யாருக்கா கீறாங்கோ?" என்றாள் இளையவள், என் போனை எட்டிப் பார்த்து.

'நான் இருக்கேன்' என்று தட்டிக் காட்டினேன்.

"அது சரி. வேற?"

வேறு யாரைச் சொல்வேன்? அதற்குள் அந்த ஆப்பைத் தன் போனில் இறக்கிப் பார்த்த அக்கா, "ஏட்டி, இருக்க ஆப்புக்கே எடமில்லாம பேரன் படத்த அழிச்சிக்கிட்டு இருக்கேன். இது என்னடான்னா எந்த சர்வருன்னு கேக்கு. எனக்கு எழவு ஒண்ணும் புரியலட்டி" என்றார்.

அவசரமாக எழுதினேன்: 'வீடு மாதிரி நெனச்சுக்கோங்க. வீட்டுக்காரர் அடையாறுல இருக்கார். தங்கமான மனுஷர். அவர் சரின்னா உள்ள வரலாம்.' அவர்கள் படித்து முடிப்பதற்குள் சூப்பர்வைசர் கூப்பிட்டுவிட்டார். எல்லோரும் கையைக் கழுவிக்கொண்டு மாடிக்கு ஓடினார்கள். சர்வரின் முகவரி எழுதிய சீட்டை மட்டும் அக்காவின் டப்பாப் பையில் செருகிவிட்டு வந்தேன். இனி யாரும் வரப்போவதில்லை என்று நினைத்தேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தேன்.

அந்த வாரக் கடைசியில் அடையாறு சாரிடமிருந்து செய்தி வந்தது. புதிதாக வருகிறவர்கள் ஏன் சேர விரும்புகிறார்கள் என்று ஓரிரு வரி எழுத வேண்டும்; போலிக் கணக்குகளைத் தடுக்க அவர் வைத்திருந்த கேள்வி அது. 'இவங்க உங்க ஆட்களா?' என்று கேட்டு, வந்த பதில்களை அனுப்பியிருந்தார். மைக்கில் பேசியே எழுத வைத்திருக்கிறார்கள் போல, அப்படியே அவர்கள் பேச்சு.

அக்கா எழுதியது: "ஐயா வணக்கம். நாங்க சின்னக் குடும்பம். சத்தம் போட மாட்டோம். தண்ணிய வீணாக்க மாட்டோம். செவத்துல ஆணி அடிக்க மாட்டோம். விருந்தாளி வந்தாலும் தங்க மாட்டாவ."

இளையவள் எழுதியது: "வணக்கம் நைனா. நாங்க கவுச்சி துன்ற ஆளுங்கோ. முன்னாடியே சொல்லிட்றேன், அப்பால வம்பு வேணாம். ஒரு தபா வூட்ட இடிச்சி அனுப்பிச்சிட்டாங்கோ, அதான். எங்க அக்கா உங்க வூட்லதான் கீதாம். அதுக்குப் பேச முடியாது. அது பக்கத்துல எனக்கு ஒரு மூல குடு, போதும்."

சென்னையில் வாடகை வீடு தேடி அலைந்தவர்களுக்குத்தான் இப்படி எழுத வரும். படித்துச் சிரித்தேன், கடைசி வரிக்கு வந்ததும் சிரிக்க முடியவில்லை. அடுத்த பரிசோதனையில் பார்த்தபோது சார் அதை நினைத்து நினைத்துத் தோள் குலுங்கினார். குரல் போனவர்களின் சிரிப்பு அப்படித்தான். அன்றே தன் சர்வரின் விதிமுறைகளில் முதலில் இதைச் சேர்த்தார்: 'ஆணி அடிக்கலாம். கவுச்சி சமைக்கலாம். விருந்தாளி தங்கலாம்.'

சாதாரண ஜனங்கள் இதற்கெல்லாம் வருவார்களா என்று சார் அடிக்கடி கேட்பார். வரமாட்டார்கள் சார் என்று எழுதிக் காட்டுவேன். எங்கள் மாடியிலிருந்தே கொஞ்சம் பேர்தான் வந்தார்கள். அவர்களும் ரீல்ஸ், சினிமா, நகை டிசைன் எல்லாம் பெரிய ஆப்பில்தான் பார்க்கிறார்கள். முதலாளி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்பதுதான் அவர்கள் எண்ணம். வேண்டிய ஆள் உள்ளே இருந்தால் மட்டும் எந்தச் சந்துக்குள்ளும் நுழைந்துவிடுவார்கள். அக்கா தினமும் தன் டப்பாவைப் படம் எடுத்துப் போடுகிறார். இளையவள், "குந்த எடம் கெடச்சிச்சிக்கா" என்று பஸ்ஸிலிருந்து எழுதுகிறாள். அவர்கள் எல்லோருக்கும், அந்த வீட்டைத் திறந்து வைத்த மனிதருக்கும், நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் தீராது.

சில மாதம் கழித்து, தவறு நடந்துவிட்டது, வருந்துகிறோம் என்று சொல்லி பெரிய ஆப் என் கணக்கைத் திருப்பிக் கொடுத்தது. இவர்களுக்கு இரண்டு இடம் எதற்கு, பாவம் என்று நினைத்து, 'எனக்குப் பழசு கெடச்சிடுச்சு. இனிமே யாரும் இங்க வந்து கஷ்டப்பட வேண்டாம், அங்கயே பேசலாம்' என்று எழுதினேன்.

பஸ்ஸிலிருந்து உடனே பதில் வந்தது. "இன்னாக்கா பேசற? அங்க மறுபடியும் தொரத்திட்டா எங்க போவ? இந்த வூடு இருக்கட்டும். நா இங்கதான் கீறேன், காலி பண்ண மாட்டேன்."