எடை குறைக்க ஓடாதவள்

வியாசர்பாடியின் அந்தக் குத்துச்சண்டைக் கிளப்பில் மாயாவை யாருக்கும் பிடிக்காது. அவளுக்கும் அங்கே யாரையும் பிடிக்காது. ஏழு வருடமாக இரு தரப்பும் இதில் ஒரு குறையும் வைத்ததில்லை.

அவள் ஓடுவதுதான் முதல் காரணம். அந்தக் கிளப்பில் ஓட்டம் என்பது ஒரு தண்டனை. போட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது, எடை கூடிப்போனவர்கள் கறுப்பு மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வெயிலில் மைதானத்தைச் சுற்றுவார்கள். கோட்டின் கை வழியே வியர்வை ஒழுகும். தண்ணீர் குடிக்காமல், பாட்டிலில் எச்சில் துப்பிக்கொண்டே, எடை மெஷினின் முள் இறங்கிவிட்டதா என்று ஏறி ஏறிப் பார்ப்பார்கள். எடை சரியாக வந்ததும் கோட்டையும் ஓட்டத்தையும் சேர்த்துச் சுருட்டி மூலையில் எறிந்துவிடுவார்கள். போட்டியே இல்லாத நாளில், மழைக்கோட்டும் போடாமல் ஒருத்தி ஓடினால், அது அவர்களுக்குத் திமிராகத்தான் தெரிந்தது.

மாயா ஓடத் தொடங்கியதில் மேலான நோக்கம் எதுவும் கிடையாது. திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டின் வாசலில் அவளுக்கு வேலை. உள்ளே வரும் பெட்டிகளின் சீல் எண்ணைச் சரிபார்க்க வேண்டும். எண்ணூர் ரோட்டில் துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் வரிசைகட்டி நின்றுவிட்டால் பஸ் அசையாது. ஒரு காலை பஸ்ஸைத் திட்டிக்கொண்டே இறங்கி ஓடினாள். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். மறுநாள் பஸ்ஸில் ஏறவேயில்லை. புகை, லாரி கிளீனர்களின் விசில், துரத்தும் நாய்கள், எல்லாவற்றையும் வெறுத்துக்கொண்டே ஓடினாள். நான்கு மாதம் கழித்துத்தான், மூன்றாவது ரவுண்டில் தன் கைகள் தானாகக் கீழே இறங்குவதில்லை என்பதைக் கவனித்தாள். குத்தின் பலம் கூடியிருக்கவில்லை. ஓட்டம் யாருக்கும் குத்தக் கற்றுத்தராது. கற்ற கொஞ்சநஞ்சமும் கடைசி நிமிடத்தில் கைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளும். அதற்கு மேல் அதைப் புகழ ஒன்றுமில்லை.

இந்த வருடம் மாவட்டப் போட்டி வந்தது. அதில் ஜெயித்தால் மாநிலப் போட்டி. மாநிலத்தில் பதக்கம் வாங்கினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் நிரந்தர வேலைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கான வயது வரம்பு அவளுக்கு இந்த வருடத்தோடு முடிகிறது. ஐம்பத்தேழு கிலோ பிரிவில் கிளப் ஒருத்தியைத்தான் அனுப்பும். அந்த இடத்தைச் செயலாளர் சுப்பராயன் ஏற்கெனவே ராயபுரத்து டெல்பினுக்கென்று ஒதுக்கியிருந்தார். டெல்பினுக்கு நீண்ட கைகள். அவள் குத்து விழும் சத்தமே தனி.

“நீ அம்பத்திநாலுக்கு எறங்கிடு,” என்றார் சுப்பராயன். “தெனிக்கும் ஓடிக்கினுதானே கீற? மூணு கிலோ உனுக்கு ஒரு மேட்டரா?”

“எறங்க மாட்டேன் மாஸ்டர்.”

“அப்பால இன்னாத்துக்கு ஓடற?”

“நான் கொறைக்கறதுக்கு ஓடல. நிக்கறதுக்கு ஓடறேன்.”

கயிற்றில் சாய்ந்திருந்த டெல்பின் வாய்விட்டுச் சிரித்தாள். “கேட்டியா மாஸ்டர்? நிக்கறதுக்கு ஓடறாளாம். அப்ப உக்கார்றதுக்குப் பறப்பா போல கீது!”

“உன்னிய உக்கார வெக்கத்தான்டி ஓடறேன்.”

“வாய் நல்லா ஓடுது இவளுக்கு.”

சுப்பராயனுக்கு எரிச்சல். “ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் ரிங்ல ஏறுங்க. ஜெயிக்கறவ பேரு போவும். தோத்துட்டு வந்து பேஜாரு பண்ணா, வெளிய தள்ளிடுவேன்.” யாரை என்று சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்தது.

டெல்பின் அப்போது அறுபது கிலோ இருந்தாள். வியாழக்கிழமை மழைக்கோட்டை எடுத்தாள். ஞாயிறு காலை முள் ஐம்பத்தேழில் வந்து நின்றபோது சுப்பராயன் அவள் முதுகில் தட்டி, “இத்தான்டா ஓட்டம்,” என்று மாயாவின் காதில் விழும்படி சொன்னார். டெல்பினின் உதடுகள் வெடித்திருந்தன. ஒரு பாட்டில் குளுக்கோஸை ஒரே மூச்சில் குடித்தாள். ஒரு மணி நேரத்தில் மணி அடித்தது.

முதல் ரவுண்டு முழுக்க டெல்பினுடையது. மாயாவின் மூக்கு உடைந்தது. இரண்டாவதில் மாயா விலகி விலகிப் போனாள். பார்க்க அழகாக இல்லை.

“ஓடாத, நில்லு! எண்ணூர் ரோடுன்னு நெனச்சிக்கினியா?” என்று யாரோ கத்த, கிளப்பே சிரித்தது.

மூன்றாவது ரவுண்டில் டெல்பின் வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள். கைகள் இடுப்புவரை இறங்கின. இடது தொடை பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து வைத்தாள். மாயாவுக்கு இரக்கம் வரவில்லை. புதிய வித்தை எதுவும் அவளிடம் இல்லை. தெரிந்த அதே இடது, அதே வலது. முதல் ரவுண்டில் எந்த வேகத்தில் குத்தினாளோ அதே வேகத்தில் குத்தினாள். நடுவர் ஒருமுறை எட்டுவரை எண்ணினார். இரண்டாம் முறை எண்ணும்போது டெல்பின் தலையை ஆட்டி, போதும் என்றாள்.

யாரும் கைதட்டவில்லை.

“ரோட்டுல ஓடற நாய்க்குக்கூடத்தான் தம் கீது,” என்றாள் டெல்பின், ஸ்டூலில் உட்கார்ந்தபடி. “அதுக்கு பாக்சிங் தெரியுமா?”

அது முழுப் பொய் இல்லை என்று மாயாவுக்கே தெரியும். டெல்பினின் கை தனக்கு வரவே வராது. “உனுக்குத் தெரிஞ்ச பாக்சிங் மூணாவது ரவுண்டுல எங்கடி போச்சு?” என்று கேட்டாள். டெல்பின் முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் கேட்டாள்.

சுப்பராயன் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். “ஃபாரத்த நாளிக்கு எழுதிக்கலாம்.”

“இப்பவே எழுது மாஸ்டர்.”

“கையில க்ளவுஸ்கூடக் கழட்டல, அதுக்குள்ள இன்னா அவசரம்?”

“எழுது.”

அவர் மேசையில் உட்கார்ந்து படிவத்தை எழுதினார். அவள் பக்கத்திலேயே நின்று பார்த்தாள். பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி. எடைப் பிரிவு என்ற கட்டத்தில் ஐம்பத்துநான்கு என்று எழுதினார்.

“அம்பத்தேழு.”

“கை தவறிப் போச்சு.”

“அடிச்சிட்டு எழுது. பக்கத்துல கையெழுத்து போடு.”

சுப்பராயன் அவளை வெகுநேரம் முறைத்தார். பிறகு அடித்து, ஐம்பத்தேழு என்று எழுதி, கையெழுத்துப் போட்டார். “மாவட்டத்துல தோத்துட்டு இந்தப் பக்கம் வந்த, அன்னிக்கு கீது உனுக்கு.”

மாயா மை காயும்வரை அங்கேயே நின்றாள்.