வெள்ளியை வியாழனாக்கினேன்

எங்கள் சபையில் வீடு சந்திப்பு ஊழியத்துக்கு ஆள் வேண்டும் என்று ஆயர் அறிவித்தபோது, முதலில் பெயர் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். சபையாரின் வீடுகளோ பெருங்களத்தூரிலிருந்து சேலையூர் வரை சிதறிக் கிடக்கின்றன. துக்க வீடுகளுக்கும் நோயாளிகளிடமும் ஆயர் ஒருவரே போய் வர முடியாது. எங்களில் சிலரைப் பழக்கி அனுப்புவது அவர் திட்டம்.

நான் ஒரு பாடத்திட்டத்தை எதிர்பார்த்தேன். துன்பத்தைப் பற்றிப் பேசும் யோபு புத்தகத்துக்கு நான்கைந்து விளக்கவுரைகள் படித்து வைத்திருந்தேன். ஆனால் வயதில் என் மகனைப் போன்ற அந்த ஆயர் எங்களை இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார வைத்தார். ஒருவர் பேச வேண்டும், மற்றவர் வாய் திறக்காமல் கேட்க வேண்டும். அவ்வளவுதான் பாடம். எனக்கு ஜோடி, ரயில்வேயில் வேலை பார்த்த ஓர் அண்ணன். தாம்பரத்தில் மேம்பாலம் திறந்த வருஷத்தை அவர் மாற்றிச் சொன்னார், நான் திருத்தினேன். தன் தம்பி கல்யாணத்தை அதற்கு முந்தியது என்றார்; அதையும் திருத்தினேன்.

"இன்னா சார், என் தம்பி கல்யாணம் எனக்குத் தெரியாதா? உங்க கையில பேசறதுக்கு நான் சர்ட்டிபிகேட் எடுத்துகினு வரணும் போல கீதே!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான். சபையில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாம் எனக்கு நாளோடு நினைவிருக்கும். ஆயரே சில சமயம் என்னிடம் கேட்டுத்தான் உறுதி செய்துகொள்வார்.

"முதல் தடவை நான் கூட வர்றேன் சார்," என்று ஆயர் சொன்னார். பெந்தெகொஸ்தே ஞாயிறுக்கு அடுத்த சனிக்கிழமை மாலை, பீர்க்கன்கரணை ஏரிக்குப் பின்னால் இருக்கும் ஒரு வீட்டுக்குப் போனோம். அந்த வீட்டுக்காரர் உயிர்த்தெழுந்த பண்டிகையான ஈஸ்டருக்கு முந்தின வாரம் இறந்திருந்தார். அவர் மனைவியும் மகனும் மருமகளும் எங்களோடு உட்கார்ந்தார்கள். அந்த அம்மாளுக்கு என் வயதிருக்கும். அழவில்லை. கணவரைப் பற்றி ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோலச் சொல்லத் தொடங்கினார்.

"பெரிய வெள்ளிக்கிழமை சார். ஆண்டவர் ஜீவனை விட்ட அதே நாள்ல இவரையும் கூப்பிட்டுக்கிட்டாரு. நான் பக்கத்துலதான் இருந்தேன். கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தேன்…"

"இல்லம்மா, வியாழக்கிழமை," என்றேன். "பெரிய வியாழன் சாயங்காலம். அடக்கம்தான் வெள்ளிக்கிழமை நடந்தது. அதனால உங்களுக்குக் கலந்து போயிருக்கும்."

உதவி செய்வதாகத்தான் நினைத்தேன். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் கனிவோடு சொன்னது இன்றும் என் காதில் விழுகிறது.

அந்த அம்மாள் தம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஆமா," என்றார். "காபி எடுத்துக்கோங்க" என்று எழுந்து உள்ளே போனார். மகன் எழவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

"எங்களுக்கும் தெரியும் சார். அம்மா வெள்ளின்னு சொன்னா வெள்ளிதான்னு விட்டுட்டோம். சொந்தக்காரங்க ஒருத்தர்கூடக் கேக்கல."

மருமகள் என்னைப் பார்க்காமல் காபி டம்ளர்களை எடுத்தாள். ஆயர் ஜெபித்தார். அதற்கும் அம்மாள் வெளியே வரவில்லை.

திரும்பும்போது ஆயரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்தேன். இரும்புலியூர் சிக்னலில் நின்றபோது, தலையைத் திருப்பாமலே கேட்டார்: "சார், பெரிய வியாழன் திருவிருந்து ஆராதனையில அந்த அம்மா எங்க உட்கார்ந்திருந்தாங்க?"

"எனக்கு முன் வரிசை," என்றேன். சொல்லி முடிக்கும்போதே எல்லாம் நினைவுக்கு வந்தது. அப்பமும் திராட்சரசமும் வாங்கிவிட்டு அவர் தம் இடத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். மகன் வாசலில் வந்து நின்று கைகாட்டினான். அவர் செருப்பைக்கூடத் தேடாமல் ஓடினார். கணவரின் உயிர் போனபோது அந்த அம்மாள் பக்கத்தில் இல்லை, கோயிலில் இருந்தார். இதைக் கண்ணால் பார்த்தவன் நான். ஆனால் அந்த அறையில் எனக்குக் கிழமை மட்டும்தான் நினைவுக்கு வந்தது.

"ஐயா, என்னை விட்டுடுங்க. நான் இதுக்கு லாயக்கில்ல," என்றேன்.

"லாயக்கு பாத்து அனுப்பணும்னா மொதல்ல நான்தான் வீட்டுல இருக்கணும். அடுத்த சனிக்கிழமை தனியா போங்க."

"எங்க?"

"அதே வீட்டுக்குத்தான்."

"போய் என்னன்னு சொல்றது?"

"எனக்கும் தெரியல சார். விளக்கம் மட்டும் வேணாம்."

அந்த வாரம் முழுக்க என் மனம் விளக்கங்களைத்தான் தயாரித்தது. உண்மையைத்தானே சொன்னேன் என்று ஒரு பிடிவாதம் வெட்கத்துக்கு அடியிலேயே கிடந்தது. போகாமல் இருக்கக் காய்ச்சல் வராதா என்றுகூட நினைத்தேன்.

சனிக்கிழமை போனபோது அந்த அம்மாளே கதவைத் திறந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை. "தப்பாப் பேசிட்டேன்மா," என்றேன்.

"நீங்க தப்பா ஒண்ணும் சொல்லல சார். வியாழன்தான். அன்னைக்கு ஆராதனைக்கு நான் போகலேன்னுதான் சொன்னேன். 'நீ போயிட்டு வா, எனக்காகவும் ஜெபம் பண்ணு'ன்னு அவர்தான் அனுப்புனாரு." சேலை முந்தானையை மடித்து மடித்துப் பிரித்தார். "வெள்ளின்னு சொல்லும்போது நான் கூட இருந்த மாதிரியே இருக்கும். சொல்லிச் சொல்லி எனக்கே அப்படித்தான் தோணிடுச்சு. இப்ப வெள்ளின்னு சொல்லலாம்னு பாத்தா வாய் வரமாட்டேங்குது சார்."

குற்றம்சாட்டும் குரலே இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"ஜெபம் பண்ணிட்டுப் போங்க," என்று முக்காடு போட்டுக்கொண்டார்.

கண்ணை மூடினேன். எத்தனையோ துக்க வீடுகளில் கேட்டுப் பழகிய ஜெபம் தானாகவே நாவில் வந்தது. "கிருபையுள்ள ஆண்டவரே, உமது அடியாரை நீர் அழைத்துக்கொண்ட அந்த…" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அடுத்த சொல் ஒரு கிழமை. எந்தக் கிழமையைச் சொன்னாலும் அவருக்கு வலிக்கும்.

"வியாழக்கிழமை," என்று அந்த அம்மாள் மெல்ல எடுத்துக் கொடுத்தார்.

அதைத் திரும்பச் சொல்லித்தான் நான் ஜெபத்தைத் தொடர வேண்டியிருந்தது.