ரசமட்டமும் பின்வாசல் கல்லும்

என் மனைவியின் தம்பி தரைக்குக் கல் பதிக்கிறவன். போட்ட கல் மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டத்தை வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பான். அதனால் அவனுக்கே ரசமட்டம் என்று பெயர். "நான் போட்ட கல்லு ஆடாது" என்று வாய்க்கு வாய் சொல்வான். எங்கள் பின்வாசல் கல்லைப் பற்றிக் கேட்டால் மட்டும் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

வேலையில் மிஞ்சிய கல் அது. அன்றைக்குச் சிமென்ட் தீர்ந்துபோனதால் மணலைப் பரப்பி மேலே வைத்துவிட்டுப் போனான். மிதித்தால் டக் டக் என்றது.

"ஆடுதுடா" என்றாள் அவன் அக்கா, அதாவது என் மனைவி.

"கல்லு ஆடலை, உன் நடைதான் ஆடுது" என்றான்.

அவ்வளவுதான். நான்கு வருடம் பேச்சுவார்த்தை கிடையாது. நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவன் நான்.

போன மாதம் அருங்காட்சியகத்து அம்மாள் ஒருவர் அவனைத் தேடி வந்தார். அவன் வேலை செய்த இடத்துக் குப்பையில் உடைந்த கல் ஒன்று கிடைத்ததாம். அதன் அடியில் இலை மாதிரி ஒரு பதிவு. இலையில்லை, உயிர்களுக்கு எலும்பும் ஓடும் வராத காலத்தில் கடலடியில் கிடந்த மெத்தென்ற பிராணி. முழுசாக ஒன்று வேண்டும், அந்தக் கல் வந்த குவாரியோ தண்ணீர் நிரம்பி மூடிக் கிடக்கிறது என்றார்.

மச்சினன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். சிமென்ட் நன்றாகப் பிடிக்கும் என்று மேடுபள்ளமான பக்கத்தைத்தான் கீழே வைப்பார்கள். இருபது வருடமாக அந்தக் குவாரிக் கல்லில் இருந்த அத்தனை பிராணிகளையும் குப்புறப் போட்டுப் பூசிவிட்டான். பெயர்த்தால் தூள்தான். பூசாதது ஒன்றே ஒன்று, எங்கள் பின்வாசல் கல்.

மறுநாள் கடப்பாரையோடு எங்கள் பின்வாசலில் நின்றான். அக்கா மறித்தாள்.

"எதுக்கு வந்தே?"

"கல்லை எடுக்கணும்."

"நீ போட்ட கல்லாச்சே. அது எப்படி வரும்?"

அவன் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன்.

"ஆடுதுக்கா" என்றான், குரல் இறங்கி. "அன்னைக்கும் ஆடிச்சு."

அவள் வழிவிட்டாள். கல்லைப் புரட்டினோம். ஈர மணலை அவளே கையால் துடைத்தாள். உள்ளங்கை அகலம், நடுவில் ஒரு கோடு, இரண்டு பக்கமும் வரி வரியாக.

"இத்தனை நாளா இதையா மிதிச்சேன்!" என்றாள்.

புதுக் கல் வைக்க அவன் சிமென்ட் குழைக்க உட்கார்ந்தான். அவள் சட்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"மணல்லயே வை. ஆடட்டும். சரி பண்ற சாக்குலயாவது நீ வருவே."