வெங்காயத்தோல் தெரு

கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையில் அவளை எல்லாரும் கூழக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் வந்ததும் அகர்ப் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சுவது அவள் வேலை. காய்ச்சிய கூழைக் கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறவைத்து வட்டமான கண்ணாடித் தட்டுகளில் ஊற்றினால் கட்டியாக உறைந்துவிடும். அதன் மேல்தான் மாணவர்கள் கிருமிகளை வளர்ப்பார்கள். வளர்ந்ததைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். அதன்பிறகு அந்தத் தட்டுகளை ஆட்டோகிளேவ் என்கிற பெரிய குக்கரில் வேகவைத்து, அடியில் மார்க்கரால் எழுதிய பெயரை ஸ்பிரிட்டால் துடைத்து, கழுவி அடுக்குவதும் அவள்தான்.

இதனால் ஒரு விஷயம் நடந்தது. மற்றவர்கள் ஒரு தட்டைத் தங்களுக்கு வேண்டிய நாளில் மட்டும் பார்த்தார்கள். மறந்துபோன தட்டு, லீவு முடிந்து திறந்த தட்டு, மேசை ஓரத்தில் ஒரு வாரம் கிடந்த தட்டு, எல்லாம் கடைசியில் அவள் கைக்குத்தான் வந்தன. படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுபோனவள். பத்துப் பேர் நிற்கும் அறைக்குள் போக வேண்டுமென்றால் கதவருகே நின்று இரண்டு முறை மூச்சு விடுவாள். ஆனால் கண் மட்டும் சும்மா இருக்காது.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம், மீந்துபோன தட்டொன்றில் பல்குச்சியால் கிருமி தொட்டு ஒரு பூனை வரைந்தாள். வரையும்போது ஒன்றும் தெரியாது, தண்ணீரில் எழுதுகிற மாதிரிதான். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் மஞ்சள் பூனை மீசையோடு உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு அவளுக்குப் பிடித்த பைத்தியம் அப்புறம் விடவில்லை. தட்டுக்கு அடியில் காகிதத்தில் படம் வரைந்து வைத்து, மேலே அதன் வழியே குச்சியை ஓட்டுவாள். அழுத்தினால் கூழ் கிழியும், நடுங்கினால் கோடு தடிக்கும். அவள் கை அந்த இரண்டையும் செய்யாது. வரைந்ததையெல்லாம் தானே பார்த்துவிட்டுத் தானே வேகவைத்துவிடுவாள். விஷயம் தெரிந்தவர் லேப் டெக்னீஷியன் மட்டும்தான். அவள் அண்ணன் முறை வைத்துக் கூப்பிடப் பழகிய மனிதர்.

வீட்டில் நாத்தனாருக்குத் தெரியும். தையல் மெஷினை மிதித்துக்கொண்டே சொல்வாள், "ஊரே கிருமி போகணும்னு தரையத் தேய்க்குது. எங்க அண்ணி அதுக்குச் சோறு போட்டு, படம் வேற வரைஞ்சு வைக்கிறாங்க."

"உனக்கும்தான் சோறு போடறேன். நீ ஒரு கோடு வரைஞ்சிருக்கியா?" என்று அண்ணி திருப்பிக் கொடுப்பாள். வீட்டில் அவளுக்குக் கூச்சம் கிடையாது.

அந்த வருடம் துறைக்குப் புதுக் கட்டடம் வந்தது. நுழைவுச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு படம் வைக்கப் போகிறார்கள், கிருமியால் வரைந்த தட்டின் புகைப்படம். யார் வேண்டுமானாலும் வரைந்து தரலாம், புதன்கிழமை மத்தியானம் துறைத்தலைவி தேர்ந்தெடுப்பார் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். 'யார் வேண்டுமானாலும்' என்ற இடத்தில் அவள் கண் நின்றது. மூன்று வருடமாக எல்லார் தட்டையும் கழுவுகிறவள் அவள். அந்தச் சுவருக்குத் தகுந்த கை யாருடையது என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. அதை நாலு பேர் முன்னால் எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

என்ன வரைவது என்பதும் முடிவாகியிருந்தது. ஒருமுறை டெக்னீஷியன் மைக்ராஸ்கோப்பில் வெங்காயத்தோலைக் காட்டியிருந்தார். சுவரோடு சுவர் ஒட்டிய அறைகள், அறைக்கு ஒரு புள்ளி. "எங்க தெருவ மொட்டை மாடில இருந்து பார்த்தா இப்படித்தான்ண்ணே இருக்கும்," என்று அப்போதே சொன்னாள். அதே தெருவை வெள்ளிக்கிழமை வரைந்தாள். நாற்பத்தோரு வீடு, எல்லாம் சிவப்புக் கிருமியில். வீட்டுக்கு ஒரு மஞ்சள் புள்ளி. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே தலைமுடி அளவு இடைவெளி. அவள் வீட்டு வாசலுக்கு வெளியே மட்டும் கூடுதலாக ஒரு மஞ்சள் புள்ளி. மூடி, கவிழ்த்து, மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பினாள். அடியில் பெயர் எழுதவில்லை. மார்க்கரை எடுத்தாள், யாரோ உள்ளே வரும் சத்தம் கேட்டது, வைத்துவிட்டாள்.

அங்கேதான் கோளாறு ஆனது. சனிக்கிழமை டெக்னீஷியன் அறையைப் பூட்டும்முன், மேசையில் கிடந்த பெயரில்லாத தட்டுகளை, முதல் வருடப் பிள்ளைகள் பழகிப்பார்த்தவை என்று நினைத்து, மொத்தமாகக் கிருமி வளர்க்கும் சூட்டுப்பெட்டியில் தள்ளிவிட்டார். சிவப்புக் கிருமி ஒரு தினுசு. அறைச் சூட்டில் வளர்ந்தால் குங்குமமாகச் சிவக்கும். பெட்டிக்குள் இருக்கும் உடம்புச் சூட்டில் வளர்ந்தால் சுண்ணாம்பாக வெளுத்துவிடும்.

திங்கட்கிழமை அவள் பெட்டியைத் திறந்தபோது தெரு முழுக்க வெள்ளையடித்துக் கிடந்தது.

டெக்னீஷியன் நெற்றியைத் தேய்த்தார். "உன்னுதுன்னு தெரியாம போச்சும்மா. ஒரு பேரு எழுதியிருந்தா தொட்டிருப்பேனா? சரி, இப்பவே புதுசா ஒண்ணு போட்டுடு. புதன்கிழமைக்குள்ள அரைகுறையா சிவந்துடும்."

அவள் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். கண் தன் வேலையைச் செய்தது. போன வருடப் பரீட்சை லீவு ஞாபகம் வந்தது. பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் மறந்துபோன ஐந்தாறு தட்டுகளை லீவு முடிந்து கழுவினாளே, அதில் வெள்ளை வட்டங்களுக்கெல்லாம் மெல்லிய சிவப்புக் கரை போட்டிருந்தது. அறைச் சூட்டுக்கு வந்தபின் புதிதாக வளர்ந்த ஓரம் மட்டும் சிவந்திருந்தது. வெள்ளை வேட்டிக்குக் கரை மாதிரி இருக்கிறதே என்று அன்று நினைத்திருந்தாள்.

"புதுசு வேண்டாம்ண்ணே. இதுவே இருக்கட்டும்."

"வெளுத்துப்போனதையா குடுக்கப் போற?"

"ரெண்டு நாள் இங்கயே கிடக்கட்டும். யாரும் நகர்த்தாம பாத்துக்குங்க. முக்கியமா நீங்க."

அவர் சிரித்துவிட்டார்.

புதன்கிழமை மத்தியானம் நீள மேசையில் பத்தொன்பது தட்டுகள். காலையில் யாரும் வருமுன் அவள் கொண்டுவந்து வைத்த பெயரில்லாத தட்டும் அதில் ஒன்று. மயில், பட்டாம்பூச்சி, கல்லூரிச் சின்னம், சூரியன் மறைகிற கடல். துறைத்தலைவி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தார். பதினேழாவதில் நின்றவர் நகரவில்லை. வெள்ளை அறைகள், ஒவ்வொன்றையும் சுற்றி ஊசியால் தைத்த மாதிரி சிவப்புச் சுவர், நடுவில் மஞ்சள் புள்ளி.

"சாயம் போட்ட வெங்காயத்தோல் அப்படியே இருக்கு. யார் பண்ணினது?" தட்டைத் திருப்பினார். "பேர் இல்லையே."

மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டெக்னீஷியன் கதவருகே கழுவிய தட்டுகளோடு நின்றிருந்தவளைப் பார்த்தார், அவ்வளவுதான்.

"பேர் இல்லாததை நான் எடுத்துக்க முடியாது," என்று துறைத்தலைவி அடுத்த தட்டுக்கு நகர்ந்தார்.

அவள் இரண்டு முறை மூச்சு விட்டாள். "அது என்னுது மேடம்."

எல்லாத் தலையும் திரும்பியது. கையிலிருந்த தட்டுகளை மேசையில் வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"நீங்களா? சிவப்பு ஓரத்துல மட்டும் எப்படி வந்துச்சு? இவ்வளவு மெல்லிசா கோடு போட முடியாதே."

"கோடு நான் போடல மேடம். ரெண்டு நாள் சூட்டுப்பெட்டில வளர்ந்தது வெள்ளை. வெளிய எடுத்தப்புறம் வளர்ந்தது சிவப்பு. பக்கத்து வீட்டை முட்டுற வரைக்கும் வளர்ந்து நின்னுடுச்சு."

"தெரிஞ்சே பண்ணினீங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. டெக்னீஷியன்கூடத் தலையாட்டச் சொல்லிக் கண்ணைக் காட்டினார்.

"வெளுத்தது தெரியாம நடந்தது. ஓரம் சிவக்கும்னு தெரிஞ்சுதான் விட்டேன். பழைய தட்டு கழுவுறப்ப பாத்திருக்கேன்."

துறைத்தலைவி தட்டை வெளிச்சத்தில் பிடித்து மறுபடி பார்த்தார். பின்னால் நின்ற ஓர் ஆராய்ச்சி மாணவி, "நாலு வருஷமா இதே கிருமியோடதான் இருக்கேன், நான் பாத்ததில்லையே," என்று முணுமுணுத்தாள்.

"நீங்க நோட்டு எழுதினதும் போயிடுவீங்களேம்மா," என்றாள் கூழக்கா. குத்தலாக இல்லை, நடப்பைச் சொன்னாள்.

"சுவருக்கு வெளிய ஒரு புள்ளி இருக்கே. கை தவறிடுச்சா?" என்று கேட்டார் துறைத்தலைவி.

"இல்ல மேடம். அது என் நாத்தனார். எப்பவும் வாசல்லதான் நிப்பா."

அறை முழுக்கச் சிரித்தது. துறைத்தலைவியும் சிரித்தபடி தன் கோட்டுப் பையிலிருந்து மார்க்கரை எடுத்து நீட்டினார். அவள் தட்டைக் கவிழ்த்துப் பிடித்து அடியில் பெயரை எழுதினாள். ஆயிரக்கணக்கில் பெயர்களைத் துடைத்த கைக்கு எழுத்து கொஞ்சம் கோணியது. மூடியில் எழுதவில்லை. மூடி மாறிப்போகும் என்பது அவளுக்குத் தெரியாதா?

புகைப்படம் எடுத்தானதும் அந்தத் தட்டும் மற்றவற்றோடு குக்கருக்குள் போனது. அவளே வேகவைத்தாள், அவளே ஸ்பிரிட்டால் துடைத்தாள். மனசு ஒன்றும் கனக்கவில்லை. அடுத்தது என்ன என்ற யோசனையில் இருந்தாள்.

படம் சுவரேறிய அன்று நாத்தனாரைக் கூட்டிப்போய்க் காட்டினாள். நாத்தனார் கழுத்தை நிமிர்த்தி வீடுவீடாகத் தேடி, வாசலில் நின்ற மஞ்சள் புள்ளியைக் கண்டுபிடித்தாள்.

"என்ன அண்ணி, என்னைய வெளிய நிக்க வச்சுட்டீங்க?"

"உள்ள வச்சா யாரு நம்புவாங்க?"

நாத்தனார் இன்னும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தாள். "ஆனா தெருவிலேயே பெரிய புள்ளி நான்தான்," என்று சொல்லிவிட்டு, போகிற வருகிறவர்களை நிறுத்திக் காட்ட ஆரம்பித்தாள்.